லேம்ப்ஸ் ராக் கோப்பில் நின்றுபோன பைப்லைன்: எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனை எங்கே தடுப்பது?

கேள்வி: குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் பைத்தானில் டேட்டா பைப்லைன் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொள்முதல் மையங்களிலிருந்து இரவில் சிஎஸ்வி கோப்புகள் (கமாவால் பிரித்த அட்டவணைகள்) வரும், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஏறும், மாதக் கடைசியில் அங்கத்தினர்களுக்குப் பசுந்தேயிலைப் பணம் கணக்காகும். போன வாரம் லேம்ப்ஸ் ராக் மையத்தின் கோப்பு மட்டும் பிழை காட்டி நின்றது. பெயரில் உள்ள ஒற்றை மேற்கோள் குறிதான் காரணம். எல்லாக் கோப்புகளிலும் அந்தக் குறியை நீக்கிவிட்டு ஏற்றும்படி மாற்றினேன், இப்போது ஓடுகிறது. நண்பர் ஒருவர் இது எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டை என்கிறார். வெளியாருக்கென்று இணையப் பக்கமே இல்லாத மென்பொருளில் அது எப்படி வரும்? குறியை நீக்கியது போதாதா, அண்ணா?

போதாது தம்பி. உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. வெளியிலிருந்து வரும் தகவல் டேட்டாபேஸுக்கான கட்டளையாக மாறிவிடுவதைத்தான் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்கிறோம். அந்தக் கோப்பு நின்றுபோனது ஒருவகையில் நல்லது. நிற்காமல் ஓடியிருந்தால் ஓட்டை இன்னும் பல மாதம் கண்ணில் படாமலே இருந்திருக்கும்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். குன்னூரைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் வைத்துவிட்டுப் போன பெயர்கள் நிறைய: லேம்ப்ஸ் ராக், டால்பின்ஸ் நோஸ், கோத்தகிரி பக்கம் போனால் செயின்ட் கேத்தரின்ஸ் அருவி. ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி 'ஸ்' எழுத்துக்கு முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி வரும். டேட்டாபேஸுக்குக் கட்டளை எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லில் அதே குறிக்கு "மதிப்பு இங்கே முடிகிறது" என்று பொருள். நீங்கள் பைத்தானின் எஃப்-ஸ்ட்ரிங்கிலோ கூட்டல் குறி போட்டோ பெயரை க்வெரிக்குள், அதாவது டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளைக்குள், ஒட்டியிருக்கிறீர்கள். போஸ்ட்கிரஸ் "லேம்ப்" வரை பெயர் என்று படித்தது. மிச்சமிருந்த எழுத்தைக் கட்டளையாகப் படிக்கப் பார்த்தது. புரியாமல் பிழை தந்தது. கோப்பில் வந்த ஒரு பெயரின் வால் கட்டளையாக வாசிக்கப்பட்டதே, ஓட்டை அதுதான். இந்த முறை அந்த வாலுக்கு அர்த்தம் இல்லாமல் போனது. அர்த்தமுள்ள வால் வந்தால் பிழையே வராது.

உங்கள் தொழிலிலேயே ஒரு உதாரணம் சொல்கிறேன். ஏற்றும் க்வெரியில் வரிசையாக அங்கத்தினர் எண், பெயர், கிலோ என்று மூன்று மதிப்புகள் போகின்றன என்று வையுங்கள். 217ஆம் எண்ணுக்கு அன்றைக்கு 48 கிலோ. கோப்பில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ இப்படி எழுதியிருக்கிறார்கள்:

மாதி', 480) --

ஒட்டி முடித்ததும் க்வெரியின் வால்பகுதி இப்படி ஆகிறது:

வேல்யூஸ் (217, 'மாதி', 480) --', 48)

எஸ்க்யூஎல்லில் இரண்டு கோடுகள் வந்தால் அந்த வரியில் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் குறிப்பு, டேட்டாபேஸ் படிக்காது. ஆக 48 காணாமல் போய் 480 ஏறிவிட்டது. டேபிளில் பெயர் "மாதி" என்று சுத்தமாகவே இருக்கும். லாகில் சிவப்பு எழுத்து வராது. மாதக் கடைசியில் பணம் போகும். டேபிளையே அழிப்பது போன்ற பெரிய சேதத்தைத்தான் எல்லோரும் உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட இந்த அமைதியான சேதம்தான் பயம். அழிந்த டேபிளை மறுநாள் காலையிலேயே கண்டுபிடித்து பேக்கப்பிலிருந்து எடுத்துவிடலாம். ஒரு பூஜ்ஜியம் கூடுதலாக ஏறியதை எந்த பேக்கப்பும் காட்டிக்கொடுக்காது.

தீர்வு பழையது, எளியது: பாராமீட்டர். கட்டளையைத் தனியாகவும் மதிப்பைத் தனியாகவும் கொடுப்பது. இலை எடைபோடும் இடத்தில் ரசீதுப் புத்தகம் இருக்கிறதல்லவா? பெயர், எண், எடை, தேதி என்று அச்சடித்து, எதிரே கோடு விட்டிருப்பார்கள். பெயர்க் கோட்டில் எதை எழுதினாலும் அது பெயர்தான். அங்கே "எடை 480" என்று எழுதிவிட்டால் கீழே எடைக் கட்டம் மாறிவிடாது. பாராமீட்டர் வைத்த க்வெரி அந்த அச்சடித்த ரசீது. நீங்கள் இப்போது செய்வது வெள்ளைத்தாளில் ஒவ்வொரு ரசீதையும் முதலிலிருந்து கையால் எழுதுவது. பெயருக்குள் இருப்பது எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

பைத்தானை போஸ்ட்கிரஸோடு இணைக்கும் டிரைவரான சைக்கோபிஜியில், க்வெரிக்குள் மதிப்பு வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் சின்ன 'எஸ்' எழுத்தும் போட்டுவிட்டு, மதிப்புகளை எக்ஸிக்யூட்டின் இரண்டாவது ஆர்க்யுமென்டாகத் தனியே கொடுக்க வேண்டும். இங்கே இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். க்வெரிக்கும் மதிப்புகளுக்கும் நடுவில் கமா போட வேண்டிய இடத்தில் சிலர் பைத்தானின் சதவீதக் குறியைப் போட்டுவிடுகிறார்கள். பார்வைக்கு ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆனால் அப்போது ஒட்டும் வேலையைச் செய்வது பைத்தான், டிரைவர் அல்ல. பாராமீட்டர் போட்டதாக நினைத்துக்கொண்டு பழைய ஓட்டையிலேயே இருப்பீர்கள். இன்னொன்று, அந்தக் குறியைச் சுற்றி மேற்கோள் போடுவது. போடக்கூடாது, அதை டிரைவர் பார்த்துக்கொள்ளும். எஸ்க்யூஎல்ஆல்கெமி லைப்ரரி என்றால் டெக்ஸ்ட் என்ற ஃபங்ஷனுக்குள் முக்காற்புள்ளியும் பெயரும் சேர்த்து எழுதி, மதிப்புகளை டிக்ஷனரியாகக் கொடுங்கள். பாண்டாஸ் லைப்ரரியின் ரீட் எஸ்க்யூஎல்லுக்கும் பாரம்ஸ் என்ற ஆர்க்யுமென்ட் இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை.

சரி, மேற்கோள் குறியை நீக்கினால் ஏன் போதாது? முதல் காரணம், எண் வருகிற இடம். க்வெரியில் அங்கத்தினர் எண்ணைச் சுற்றி மேற்கோளே இருக்காது. அங்கே "217 ஆர் 1=1" என்று வந்தால் தாண்டுவதற்கு மேற்கோள் எதுவும் தேவையில்லை; நிபந்தனை எல்லா வரிசைகளுக்கும் பொருந்திவிடும். இரண்டாவது காரணம், நீங்கள் தகவலைக் கெடுக்கிறீர்கள். மையத்தில் இருக்கும் ஒரு போன் நேரான மேற்கோளைத் தட்டும். இன்னொன்று தானாகவே வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும். வளைந்தது எஸ்க்யூஎல்லுக்கு வெறும் எழுத்து, அதனால் பிழை வராது, உங்கள் நீக்கலிலும் சிக்காது. விளைவு, டேபிளில் லேம்ப்ஸ் ராக் என்ற ஒரே மையம் இரண்டு மையங்களாக நிற்கும். மையவாரியாகக் கூட்டிப் பாருங்கள், இந்த வாரமே தெரிந்துவிடும்.

நீக்குவதற்குப் பதில் குறியை இரட்டிப்பாக்கிவிடலாமே என்று அடுத்த யோசனை வரும். கையால் அதைச் செய்யாதீர்கள். இப்படிப்பட்ட குறிகளை ஆபத்தில்லாமல் மாற்றிக் கொடுக்க போஸ்ட்கிரஸின் சொந்த லைப்ரரியில் இருக்கும் எஸ்கேப் ஃபங்ஷன்களிலேயே 2025 பிப்ரவரியில் ஒரு ஓட்டை வெளிவந்தது. ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொதுப் பட்டியலில் அதற்கு சிவிஇ-2025-1094 என்று எண். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறைப்படி சரியாக அமையாத பைட்டுகளைக் கொடுத்தால், எஸ்கேப் செய்து வந்த உரையையே போஸ்ட்கிரஸின் பிஎஸ்க்யூஎல் கருவிக்குள் கட்டளையாக மாற்ற முடிந்தது. அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கே தவறக்கூடிய வேலையை நாம் இரண்டு வரியில் செய்துவிட்டோம் என்று நம்பக்கூடாது.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி: இணையப் பக்கமே இல்லையே, யார் தாக்குவார்கள்? இந்த ஓட்டையைப் பற்றி ஜெஃப் ஃபாரிஸ்டல் என்ற ஆய்வாளர் 1998 டிசம்பரில் ஹேக்கர்களின் இதழான ஃப்ராக்கில் எழுதியது இணையப் பக்கங்களை வைத்துத்தான். அன்றிலிருந்து லாகின் பெட்டியும் தேடல் பெட்டியும்தான் உதாரணமாக வருகின்றன. அதனால் பெட்டி இல்லாத இடத்தில் ஆபத்தும் இல்லை என்று ஒரு எண்ணம் படிந்துவிட்டது. ஆனால் உங்கள் கோப்பு நடந்து வரும் வழியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எடை போடுபவரின் போன், அதில் உள்ள ஆப், மழைக்காலத்தில் நெட் இல்லாதபோது வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு, அதுவும் இல்லையென்றால் ஜீப்பில் வரும் பென்டிரைவ், தொழிற்சாலை அலுவலகத்தில் எக்செலில் திறந்து திருத்திவிட்டுச் சேமிக்கும் ஒருவர். எடை போடுபவர் நேர்மையானவராகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் உங்கள் டேட்டாபேஸுக்குள் கட்டளை எழுதும் அதிகாரத்தை இத்தனை கைகளுக்கும் கொடுத்திருக்கிறீர்கள் என்பது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

கோப்பு கடத்தும் மென்பொருள்கள் எவ்வளவு பெரிய குறி என்பதற்கு 2023இல் நடந்த மூவ்இட் சம்பவமே சாட்சி. ப்ராக்ரஸ் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் மூவ்இட் டிரான்ஸ்ஃபர், நிறுவனங்களுக்கிடையே கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்புவதற்கென்றே இருக்கும் மென்பொருள். அதில் இருந்த ஒரு எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டையை, சிவிஇ-2023-34362, அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் க்ளாப் என்ற கும்பல் பயன்படுத்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் தகவல்களை எடுத்துக்கொண்டு போனது. அவர்கள் நுழைந்தது இணையப் பக்கம் வழியாகத்தான், அது உண்மை. ஆனால் பறிபோனது ஊதியப் பட்டியல் மாதிரி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்க்கொண்டிருந்த கோப்புகள். அதன் பிறகு 2024 மார்ச்சில் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஐஎஸ்ஏவும் எஃப்பிஐயும் சேர்ந்து, இந்த வகை ஓட்டையையே மென்பொருளிலிருந்து ஒழியுங்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவிப்பு வெளியிட்டன. பாராமீட்டரைத்தான் அதிலும் வழியாகச் சொன்னார்கள்.

பைப்லைனுக்கென்றே உரிய ஆபத்து ஒன்று உண்டு. என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் மலையில் இன்னொரு தொழிற்சாலைக்கு இதே மாதிரி வேலை செய்தேன். கோப்பை ஏற்றும் இடத்தில் எல்லாம் பாராமீட்டர், மிகக் கவனமாக. பெயர் மேற்கோளோடு அப்படியே ஸ்டேஜிங் டேபிளில், அதாவது கோப்பை முதலில் இறக்கிவைக்கும் டேபிளில், ஏறியது. அங்கிருந்து மாதக் கணக்குப் போடும் ஸ்டோர்டு ப்ரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்த நிரல்) மையத்தின் பெயரை டேபிளிலிருந்து எடுத்து, இன்னொரு க்வெரியை ஒட்டித் தயாரித்தது. "நம் டேபிளிலிருந்துதானே எடுக்கிறோம்" என்று அந்த இடத்தை நான் யோசிக்கவே இல்லை. மாதக் கடைசி இரவு அந்த ஒரு மையம் வந்ததும் கணக்கு நின்றது. நின்ற பிழையை இன்னொரு வரி விழுங்கி, அந்த மையத்துக்குப் பூஜ்ஜியம் போட்டுவிட்டு மேலே போனது. மறுநாள் அங்கத்தினர்கள் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. பணம் மூன்று நாள் தாமதம். பள்ளிக் கட்டணத்துக்கு அந்தப் பணத்தை எதிர்பார்த்திருந்த ஒரு அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

இதற்கு இரண்டாம் படி இன்ஜெக்‌ஷன் என்று பெயர். முதல் படியில் பத்திரமாக உள்ளே வந்த மதிப்பு, பின்னால் வேறொரு படியில் கட்டளையாக மாறுகிறது. இணையதளத்தில் ஒரு மதிப்பு ஓரிரண்டு க்வெரிகளைத்தான் பார்க்கும். பைப்லைனில் ஸ்டேஜிங், சுத்தம் செய்தல், சேர்த்தல், கணக்கு, அறிக்கை என்று ஒரே பெயர் ஐந்தாறு கை மாறும். வாசலில் சோதித்துவிட்டோம் என்று உள்ளே அவிழ்த்துவிடக் கூடாது. மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்காமல், க்வெரி எழுதும் ஒவ்வொரு இடத்திலும் அதை வெளியாள் மாதிரியே நடத்த வேண்டும். உங்கள் நிரலில் ஏற்றும் பகுதியை மட்டும் திருத்திவிட்டு நிறுத்தினால் என் கதைதான் உங்களுக்கும். ஸ்டோர்டு ப்ரொசீஜர்களையும் திறந்து பாருங்கள். அவற்றை எழுதும் மொழியான பிஎல்பிஜிஎஸ்க்யூஎல்லில் எக்ஸிக்யூட் என்ற சொல் வரும் ஒவ்வொரு வரியிலும், மதிப்புகள் யூசிங் வழியாகப் போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பாராமீட்டரால் ஆகாத இடம் ஒன்று இருக்கிறது. பைப்லைன்காரர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர், வரிசைப்படுத்தும் திசை, இவற்றைப் பாராமீட்டராகக் கொடுக்க முடியாது. ரசீதில் அச்சடித்த பகுதி இவைதான். கோட்டில் எழுதுவது அல்ல. ஆனால் சிஎஸ்வியின் தலைப்பு வரியைப் பார்த்து டேபிளை உருவாக்குவது, கோப்பின் பெயரையே டேபிளின் பெயராக வைப்பது என்று நாம் செய்யும் வேலைகளில் வெளியிலிருந்து வருவதே அந்தப் பகுதிதான்.

இங்கே நான் நம்புவது அனுமதிப் பட்டியலை மட்டும். எந்தெந்தத் தலைப்பு வரலாம், அது எந்த நெடுவரிசைக்குப் போகும் என்று உங்கள் நிரலிலேயே ஒரு டிக்ஷனரி எழுதி வையுங்கள். கோப்பில் வரும் தலைப்பு அதில் தேடுவதற்கு மட்டும் பயன்படட்டும். க்வெரிக்குள் போவது நீங்கள் எழுதி வைத்த பெயர். பட்டியலில் இல்லாத தலைப்பு வந்தால் அந்தக் கோப்பைத் தனியே ஒதுக்கிவிட்டு உங்களுக்குச் செய்தி வரட்டும். பெயர்கள் உண்மையிலேயே முன்கூட்டித் தெரியாதவை என்றால், சைக்கோபிஜியின் எஸ்க்யூஎல் மாட்யூலில் ஐடென்டிஃபயர் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ப்ரொசீஜருக்குள் என்றால் ஃபார்மட் ஃபங்ஷனில் சதவீதக் குறியோடு பெரிய 'ஐ'.

தமிழ்த் தலைப்பு வைப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. போஸ்ட்கிரஸ் ஒரு பெயருக்கு 63 பைட் வரைதான் இடம் தரும். தமிழில் எழுத்து, உயிர்க்குறி, மெய்யின் புள்ளி ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8இல் 3 பைட். ஆக 21 குறிகளுக்கு மேல் போனால் வெட்டிவிடும். பிழை தராது, ஒரு நோட்டீஸ் மட்டும் வரும். "மாதாந்திரப் பசுந்தேயிலை நிகர எடை", "மாதாந்திரப் பசுந்தேயிலை மொத்த எடை" இரண்டுமே "மாதாந்திரப் பசுந்தேயி" என்று நின்றுவிடும். அனுமதிப் பட்டியல் இருந்தால் உள்ளே குட்டைப் பெயர், அறிக்கையில் நீளப் பெயர் என்று இதுவும் தீர்ந்துவிடும்.

சின்னச் சின்ன இடங்கள் சில. பல மையங்களின் எண்களை ஒரே க்வெரியில் தேடும்போது கமா போட்டு ஒட்டாதீர்கள். எஸ்க்யூஎல்லின் எனி என்பதற்குள் பைத்தான் லிஸ்டையே ஒரு பாராமீட்டராகக் கொடுத்துவிடலாம். லைக் தேடலில் பாராமீட்டர் இருந்தாலும் பெயருக்குள் வரும் சதவீதக் குறியும் அடிக்கோடும் எதற்கும் பொருந்தும் குறிகளாக வேலை செய்யும். அது இன்ஜெக்‌ஷன் அல்ல, ஆனால் தப்பான வரிசைகள் வரும். பின்னால் ஏர்ஃப்ளோ, டிபிடி போன்ற பைப்லைன் கருவிகளுக்கு மாறினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுதும் ஜிஞ்சா டெம்ப்ளேட், பார்ப்பதற்குப் பாராமீட்டர் மாதிரி இருந்தாலும் வெறும் ஒட்டு வேலைதான். ஏர்ஃப்ளோவில் வேலையை இயக்குபவர் கொடுக்கும் கான்ஃப் மதிப்பை அப்படி எஸ்க்யூஎல்லுக்குள் நுழைத்தால், அந்தப் பொத்தானை அழுத்தக்கூடிய எல்லோருக்கும் டேட்டாபேஸ் திறந்துவிடும். எஸ்க்யூஎல் ஆபரேட்டர்களில் பாராமீட்டர்ஸ் என்று தனி ஆர்க்யுமென்ட் உண்டு.

மொத்தமாக ஏற்றும் வேலைக்கு வரிசைகளைச் சேர்க்கும் இன்ஸர்ட் கட்டளையே வேண்டாம் என்பது என் கருத்து. போஸ்ட்கிரஸின் காப்பி கட்டளை வழியாக ஸ்டேஜிங் டேபிளுக்கு அனுப்புங்கள். அந்த வழியில் கோப்பின் உள்ளடக்கம் எஸ்க்யூஎல்லாகப் படிக்கப்படுவதே இல்லை, வேகமும் அதிகம். ஸ்டேஜிங் டேபிளில் எல்லா நெடுவரிசையும் உரையாக இருக்கட்டும். எடை எண்தானா, தேதி தேதிதானா, அங்கத்தினர் எண் பட்டியலில் இருக்கிறதா என்பதை அங்கிருந்து அடுத்த டேபிளுக்கு மாற்றும்போது சோதியுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் ஒரு வரி தவறலாம். அதனால் டேட்டாபேஸ் யூசர்களைப் பிரித்து வையுங்கள். கோப்பை ஏற்றும் யூசருக்கு ஸ்டேஜிங் டேபிளில் சேர்க்கும் உரிமை மட்டும். பணம் கணக்காகும் டேபிள் அதன் கைக்கே எட்டக்கூடாது. அறிக்கை எடுப்பதற்குப் படிக்கும் உரிமை மட்டும் உள்ள யூசர். நம் ஊர்ப் பக்கம் நான் பார்த்த நிறுவல்களில் பாதிக்கு மேல் எல்லாமே போஸ்ட்கிரஸ் என்றே பெயர் கொண்ட, எல்லா உரிமையும் உள்ள சூப்பர் யூசரில்தான் ஓடுகின்றன. அந்த நிலையில் ஒரு இன்ஜெக்‌ஷன் நடந்தால் சேதம் டேபிள்களோடு நிற்காது. காப்பி கட்டளையில் ப்ரொக்ராம் என்று சேர்த்தால், சர்வரில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் கட்டளைகளையே சூப்பர் யூசரால் ஓட்ட முடியும்.

பழைய நிரலில் ஒட்டு வேலை எங்கெல்லாம் இருக்கிறது என்று கண்ணால் தேடாதீர்கள், தவறும். பைத்தான் நிரலைச் சோதிக்கும் கருவிகளில், பாண்டிட்டில் பி608 என்ற சோதனையும், ரஃப்பில் எஸ்608உம் இதற்கென்றே இருக்கின்றன. சும்மாவும் சில இடங்களைக் காட்டும், ஆனால் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பது வீண் வேலை அல்ல. பைத்தான் 3.11ஓ அதற்கு மேலோ இருந்தால் க்வெரி வாங்கும் உங்கள் ஃபங்ஷன்களில் லிட்டரல்ஸ்ட்ரிங் என்று டைப் போடுங்கள். நிரலில் நேராக எழுதப்படாத உரை க்வெரியாக வந்தால், இந்த டைப்பை ஆதரிக்கும் டைப் செக்கர் (நிரலை ஓட்டாமலே சரிபார்க்கும் கருவி) அப்போதே சொல்லிவிடும். சோதனைக் கோப்பு ஒன்றும் தயார் செய்யுங்கள்: நேரான மேற்கோளோடு லேம்ப்ஸ் ராக், வளைந்த மேற்கோளோடு லேம்ப்ஸ் ராக், நான் மேலே காட்டிய மாதியின் வரி, இரட்டை மேற்கோள் உள்ள ஒரு தலைப்பு. அது ஏற்றும் இடத்திலிருந்து மாத அறிக்கை வரை முழுக்க ஓட வேண்டும். மாதியின் பெயர் அந்தக் குப்பையோடு அப்படியே டேபிளில் ஏறி, எடை 48 என்றே நின்றால் ஏற்றும் பகுதி சரி. குப்பைப் பெயரை ஒதுக்குவது அடுத்த படியின் வேலை.

கடைசியாக, நீங்கள் ஏற்கெனவே குறியை நீக்கி ஏற்றிய வாரத்தின் தகவல். மூலக் கோப்புகளை அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இனி எப்போதும் வந்தது வந்தபடி ஒரு நகல் தனியே இருக்கட்டும். நிரலைத் திருத்தி முடித்ததும் அந்த வாரக் கோப்புகளை மட்டும் புதிதாக ஒரு ஸ்டேஜிங் டேபிளில் ஏற்றி, அங்கத்தினர் வாரியாக எடையை இப்போதைய டேபிளோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வருகிற பெயர்களுக்கு மையத்தின் ரசீதுப் புத்தகத்தை வரவழைத்துப் பாருங்கள். மாதக் கணக்கு போடுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள், தம்பி.